மேட்டூர்த் தண்ணீரும் மோட்டார்த் தண்ணீரும்

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் பெரியப்பாவின் மோட்டார் கொட்டகையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவில் ஒரு சின்னப் பெட்டி தொங்குகிறது. அதற்கு ஊரில் 'ஆட்டோ' என்று பெயர். மும்முனை கரண்ட் வந்த அடுத்த நிமிடம் மோட்டாரைத் தானாகக் கிளப்பிவிடும். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அந்த கரண்ட் ராத்திரி பதினொன்றுக்கு வரும், சில நாள் விடியற்காலை மூன்றுக்கு வரும். டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தால் எங்கே எது சுருண்டு கிடக்கும் என்று தெரியாது. அதனால் ஆட்டோவைப் போட்டுவிட்டு வீட்டில் படுத்துவிடுவார். காலையில் போய்ப் பார்த்தால் வயல் நிறைந்து, வரப்பு வழிந்து, வடிகாலில் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தத் தண்ணீர் இருநூறு அடி ஆழத்திலிருந்து வந்தது. அதைத் தூக்கிய கரண்ட்டில் பெரும்பங்கு எங்கோ எரிந்த நிலக்கரி. ஏழரை எச்.பி. மோட்டார் எட்டு மணி நேரம் ஓடினால் 45 யூனிட் ஆகும். நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வானத்துக்குப் போகிறது. ஆக, பெரியப்பா தூங்கி எழுந்த ஒரு ராத்திரிக்கு 40 கிலோ புகை, அதில் பாதித் தண்ணீர் வடிகாலில். 2021-ல் விவசாயத்துக்கு நாள் முழுவதும் மும்முனை மின்சாரம் என்று அரசு அறிவித்தது. அதற்குப் பிறகும் அவர் ஆட்டோவைக் கழற்றவில்லை. கரண்ட் நிற்கும் என்ற பயம் அறிவிப்பு வந்ததால் போய்விடுமா என்ன.

பருவநிலை மாற்றம், மாற்று எரிசக்தி என்று வெளியே நடக்கும் விவாதம் பெரும்பாலும் நிலக்கரியா சூரியனா என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. காவிரி டெல்டாவில் நின்று பார்த்தால் அந்தக் கேள்வி பாதிதான். கரண்ட் எதிலிருந்து வருகிறது என்பதோடு, எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு தண்ணீரைத் தூக்குகிறது, யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் இங்கே விஷயம் பிடிபடும்.

எங்கள் பக்கம் தண்ணீர் இரண்டு ஜாதி. ஒன்று மேட்டூர்த் தண்ணீர், மற்றது மோட்டார்த் தண்ணீர். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி). ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூட வேண்டும் என்பது வழக்கம். வழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். இந்தத் தொண்ணூறு வருடத்தில் சரியாக ஜூன் 12 அன்று கதவு திறந்தது இருபது தடவையைச் சுற்றித்தான் இருக்கும். 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதிக்குத் திறக்கவே இல்லை. 2022-ல் அணை முன்னதாகவே நிரம்பி மே 24-லேயே திறந்தார்கள். 2023-ல் ஜூன் 12-க்குத் திறந்தார்கள், ஆனால் மேலே மழை பொய்த்து, குறுவை பல இடங்களில் பாதியில் காய்ந்தது. 2024-ல் ஜூலை கடைசியில்தான் தண்ணீர் வந்தது, அதுவும் ஒரே வாரத்தில் அணையை நிரப்பும் வெள்ளமாக.

குறுவை நூற்றுப் பத்து நாள் பயிர். ஜூனில் விதைத்தால் புரட்டாசிக்குள் கதிர் வீட்டுக்கு வந்துவிடும். ஒரு மாதம் தள்ளிப் போனால் அறுப்பு நேராக ஐப்பசி அடைமழையில் போய் விழும். அதனால் ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் மேட்டூரைப் பார்த்துக் காத்திருப்பதில்லை. வைகாசியிலேயே மோட்டாரைப் போட்டு நாற்றங்கால் விட்டுவிடுவார்கள். மோட்டார் இல்லாதவர் குறுவையை விட்டுவிட்டு, ஆவணியில் தொடங்கும் அடுத்த நெற்பயிரான சம்பாவுக்கு உட்காருவார். டெல்டாவில் வசதி உள்ளவர், இல்லாதவர் என்று பிரிக்க இன்றைக்கு நிலத்தைவிட மோட்டார்தான் நல்ல அளவுகோல் என்பது என் அபிப்பிராயம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரியில் தமிழகத்தின் பங்கை 192-லிருந்து 177.25 டி.எம்.சி.க்குக் குறைத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, டெல்டாவின் நிலத்தடியில் இருக்கும் நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் சேர்க்கலாம் என்பது. அதாவது மோட்டார்த் தண்ணீர் தீர்ப்பிலேயே ஏறிவிட்டது.

இதில் மின்சாரம் எப்படி வந்து மாட்டிக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டி கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பினால்தான் மேட்டூருக்கு வரத்து. அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் நுழைந்து காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் அணையடியில் 50 மெகாவாட், சுரங்க நிலையத்தில் 200 மெகாவாட், அதற்குக் கீழே வரிசையாகக் கதவணைகளில் இன்னும் கொஞ்சம் என்று நீர்மின்சாரம் கிடைக்கும். பருவமழை ஏமாற்றினால் அணையில் தண்ணீர் இருக்காது, நீர்மின்சாரமும் இருக்காது. அதே வருடம்தான் டெல்டாவில் எல்லா மோட்டாரும் ஒன்றாக ஓடும். கரண்ட் அதிகம் வேண்டிய வருடமும், புகையில்லாத கரண்ட் குறைவாகக் கிடைக்கும் வருடமும் ஒன்றாகவே வந்து சேருகின்றன. அந்த இடைவெளியை இத்தனை காலம் அடைத்தது நிலக்கரி. பருவம் தப்புவது அதிகமானால் நிலக்கரி அதிகம் எரியும், அது எரிந்தால் பருவம் இன்னும் தப்பும். செக்குமாடு சுற்றுகிற மாதிரி.

பருவம் தப்புவது என்றால் டெல்டாக்காரருக்கு என்னவென்று விளக்க ரொம்ப தூரம் போக வேண்டாம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை அறுபது சதவீதத்துக்கும் மேல் குறைந்து, மறு ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. 2021 ஜனவரியில், பொங்கல் சமயத்தில், அறுவடைக்கு நின்ற சம்பா மேல் கனமழை கொட்டியது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடியும் அதே கதை. தை மாசியில் மழையா என்று கேட்ட காலம் போய்விட்டது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்கமாட்டார்கள். மழை பெய்த பிறகு சாலையில் நெல்லைக் கொட்டிக் காலால் துழாவிக்கொண்டே தளர்வு உத்தரவுக்குக் காத்திருப்பது இப்போது ஏறக்குறைய வருடாந்திரச் சடங்கு.

கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது ராத்திரிச் சூடு. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன் பண்ணையில் 1979 முதல் 2003 வரையிலான கணக்கைப் பார்த்து 2004-ல் ஒரு முடிவைச் சொன்னது: பயிர்க் காலத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் நெல் விளைச்சல் சுமார் 10 சதவீதம் இறங்குகிறது. பகலில் சேர்த்த மாவுச்சத்தை ராத்திரி மூச்சு விட்டே செலவழித்துவிடுகிறது பயிர். கதிர் பார்க்க நன்றாக இருக்கும், தூற்றும்போது பதர் பறக்கும்.

சரி, எரிபொருளுக்கு வருவோம். டெல்டாவுக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கின்றன. நரிமணத்தில் எண்பதுகளில் எண்ணெய் எடுக்க ஆரம்பித்தார்கள், நாகூர் பக்கம் பனங்குடியில் 1993-ல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. குத்தாலத்திலும் திருமாக்கோட்டையிலும் இந்தப் பக்கத்து எரிவாயுவை எரித்து மின்சாரம் எடுக்கும் அரசு நிலையங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 100 மெகாவாட்டைச் சுற்றி. எரிவாயு நிலக்கரியில் பாதிப் புகைதான் விடும், அதனால் அதைப் 'பாலம்' என்று சொல்லும் ஒரு கட்சி உண்டு. நிலக்கரியிலிருந்து சூரியனுக்குப் போகிற வரைக்கும் இடையில் நடக்க ஒரு பாலமாம்.

டெல்டா அந்தப் பாலத்தில் ஏற மறுத்துவிட்டது. 2010-ல் மன்னார்குடி வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க ஒரு தனியார் நிறுவனத்துக்கு உரிமம் கிடைத்தது. நிலக்கரியில் ஒட்டியிருக்கும் மீத்தேன் வெளியே வர வேண்டுமானால் அந்தப் படுகையின் நீரழுத்தத்தைக் குறைக்க வேண்டும். எளிதாகச் சொன்னால், அடியில் இருக்கிற தண்ணீரை வருடக்கணக்கில் இறைத்து வெளியே விட வேண்டும். மோட்டார்த் தண்ணீரை நம்பிப் பிழைக்கும் ஊரில் இதைச் சொல்லிப் பாருங்கள். இயற்கை வேளாண்மைக்காகப் பாடுபட்ட நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்னது இதைத்தான். அந்தப் பிரச்சாரத்தின் நடுவிலேயே, பட்டுக்கோட்டை அருகே பிச்சினிக்காட்டில், 2013 டிசம்பர் 30 அன்று இறந்தார். 2015-ல் மாநில அரசு அந்தத் திட்டத்துக்கு நிரந்தரத் தடை போட்டது. 2017-ல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் போராட்டம், அதே வருடம் கதிராமங்கலத்தில் வயலுக்குள் எண்ணெய்க் குழாய்க் கசிவு. கடைசியில் 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நிறைவேறியது. 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என மூன்று நிலக்கரி வட்டாரங்கள் ஏலப் பட்டியலில் தலைகாட்டின. ஒன்றிரண்டு வாரத்தில் அவற்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்டக் கூடாது, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் கிணறுகளைத் தொடவில்லை. சாலை, துறைமுகம், மின்சாரம் போன்ற உள்கட்டமைப்பு வேலைகளுக்கும் கதவை மூடவில்லை. நாளைக்கு ஒருவர் நூறு ஏக்கர் நன்செயில் சூரிய மின்நிலையம் வைக்க வந்தால் இந்தச் சட்டம் எந்த அளவுக்குத் தடுக்கும் என்று கேட்டால், தைரியமாகத் தடுக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் கசக்கும். எங்கள் அடியில் தோண்டாதே என்று சொன்ன நாங்கள் எரித்த கரண்ட், நெய்வேலியில் வேறொருவர் நிலத்தைத் தோண்டி எடுத்தது, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் வேறொருவர் வாசலில் சாம்பலைக் கொட்டியது. நெய்வேலியில் சுரங்கம் மூழ்காமல் இருக்க இறைக்கிற நிலத்தடி நீரின் கதை கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். போராட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை, நானும் அந்தக் கூட்டங்களில் நின்றிருக்கிறேன். 'வேண்டாம்' என்பதற்கு அடுத்த வரி என்ன என்று அந்த மேடைகளில் யாரும் பேசவில்லை. டீக்கடையில் அதைக் கேட்டபோது, "அதை மெட்ராசுல இருக்கவன் யோசிக்கட்டும் தம்பி" என்றார் ஒரு பெரியவர்.

அப்புறம், மீத்தேன் எமன் என்று சுவரில் எழுதிய அதே ஊரில், அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கும் வயலிலிருந்தே மீத்தேன் வந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் கட்டி நிற்கும் சேற்றில் காற்று போகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மக்கும் வேரையும் தாளையும் தின்று மீத்தேனை விடுகின்றன. நெல்லின் தண்டுக்குள் காற்றுக் குழாய்கள் இருக்கின்றன அல்லவா, அவை வழியாகவே அது மேலே ஏறி வெளியேறுகிறது. உலகில் மனிதச் செயலால் வரும் மீத்தேனில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றி நெல் வயலிலிருந்து வருவதாகக் கணக்கு. இருபது வருட அளவில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு சூடேற்றும். இதைச் சொன்னால் எங்கள் பக்கம் கோபம் வருகிறது. ஊரெல்லாம் காரில் போகிறவன் சோறு போடுகிறவனைக் குற்றம் சொல்வதா என்ற கோபம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இதற்கான மருந்து தண்ணீரையும் மிச்சம் பிடிக்கும் என்பதால் காது கொடுத்துக் கேட்கலாம்.

அந்த மருந்துக்குத் தமிழில் அழகான பெயர் இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். ஒரு முழ நீளத்துக்குக் கொஞ்சம் குறைவான பி.வி.சி. குழாயை எடுத்து, கீழ்ப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, துளைப் பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் நட்டு, உள்ளே இருக்கும் சேற்றை வழித்து எடுத்துவிட வேண்டும். மேலே வயல் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் கீழே தண்ணீர் நிற்கும். அது தரைமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். மீத்தேன் பாதிக்குப் பக்கம் வரைக்கும் குறையும், தண்ணீரில் கால் பங்குக்கு மேல் மிச்சம், விளைச்சல் குறையாது. கடைக்காரர் வெட்டிப் போட்ட துண்டுக் குழாயில் செய்துவிடலாம், காசே இல்லாத வேலை.

அப்படியிருந்தும் ஏன் பரவவில்லை? போன குறுவையில் பெரியப்பா வயலில் நானே ஒரு குழாய் நட்டேன். நாலு நாள் வந்து எட்டிப் பார்த்தார். ஐந்தாம் நாள் தண்ணீர் இன்னும் எட்டு சென்டிமீட்டரில் நிற்கும்போதே மோட்டாரைப் போட்டுவிட்டார். "நாளைக்கு டிரான்ஸ்பார்மர் போச்சுன்னா நாலு நாளு ஆவும். அப்ப உன் குழாய்ல தண்ணி வருமா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. வாய்க்கால் பாசனத்தில் இது இன்னும் மோசம். முறைப்பாசனத்தில் ஆறு நாள் தண்ணீர், ஆறு நாள் இல்லை என்று வைத்தால், வாய்க்காலின் கடைசியில் நிலம் இருக்கும் கடைமடைக்காரர், தண்ணீர் வந்த அன்றைக்கே முடிந்த மட்டும் வயலில் தேக்கிக்கொள்வார். அடுத்த முறை வருமா வராதா என்று தெரியாதவரிடம் வயலைக் காயப்போடு என்று யார் சொல்வது? காய்ச்சலுக்கு வேண்டியது பாய்ச்சல் வரும் என்ற நம்பிக்கை. கரண்ட்டும் தண்ணீரும் சொன்ன நேரத்துக்கு வந்தால் வயலில் நிற்கும் தண்ணீர் தானாகவே குறையும். மீத்தேனைக் குறைக்கும் வேலை வேளாண் அலுவலரிடம் இருப்பதைவிட லைன்மேன் கையிலும் மடை திறப்பவர் கையிலும் அதிகம் இருக்கிறது என்பேன்.

இங்கேதான் சூரிய மின்சாரம் பொருந்துகிறது. தமிழகத்தில் காற்றாலையும் சூரியத் தகடுகளும் இப்போது தலா 10,000 மெகாவாட்டைத் தொட்டுவிட்டன. நாட்டின் மொத்த மின் உற்பத்தித் திறனில் நிலக்கரி, எரிவாயு அல்லாதவற்றின் பங்கு 2025-ல் பாதியைத் தாண்டியது. உண்மையில் உற்பத்தியாகும் யூனிட்டில் மட்டும் பத்தில் ஏழு பங்கு இன்னும் நிலக்கரிதான், காரணம் சூரியன் பகலில் மட்டும்தான் வேலை செய்கிறது. நகரத்தில் மின்தேவை சாயங்காலம் ஏழு மணிக்கு உச்சிக்குப் போகிறது, அப்போது தகடு தூங்குகிறது. ஆனால் மோட்டாருக்குச் சாயங்காலம் என்ன, காலை என்ன? பகல் பத்து முதல் மூன்று மணி வரை தண்ணீர் இறைத்தால் பயிர் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. பேட்டரி வைத்துச் சேமிக்க வேண்டியதை வயலில் தண்ணீராகச் சேமித்துக்கொள்ளலாம். இருபது லட்சத்துக்கும் மேல் விவசாய மோட்டார்கள் இருக்கிற மாநிலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ராத்திரி வரப்பில் நடக்கிற வேலையும் இல்லாமல் போகும்.

2019-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த குசும் திட்டத்தில் தனி சோலார் பம்ப்செட்டுக்கு மானியம் உண்டு, மாநில அரசும் சேர்ந்து செலவில் பாதிக்கு மேல் தருகிறது. எங்கள் ஊரில் ஒருவர் ஐந்து எச்.பி. வைத்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு தகடு, இரும்புத் தூண், அதைச் சுற்றிக் கம்பி வேலி. காலை ஒன்பதுக்கு மெல்ல ஆரம்பித்து, உச்சி வெயிலில் குழாய் நிறையக் கொட்டி, நாலு மணிக்குச் சுருங்கிவிடும். மேகம் கடந்தால் தண்ணீர் மெலிவது கண்ணுக்கே தெரியும்.

ஆனால் தனி சோலார் பம்ப் என்றால் எனக்குத் தயக்கம் இருக்கிறது, முக்கியமாகக் கடலோரத்தில். வேதாரண்யம், தலைஞாயிறு, சீர்காழி பக்கமெல்லாம் மண்ணுக்கடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது, பாலில் ஆடை மிதப்பதுபோல. உப்புநீர் கொஞ்சம் கனம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கன வித்தியாசத்தின் கணக்கு பயங்கரமானது. கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் நன்னீர் ஒரு அடி இறங்கினால், அடியில் உப்புநீர் சுமார் 40 அடி மேலே ஏறும். இரண்டு அடி இறங்கினால் 80 அடி. கடல்மட்டம் உயர்கிறது, மேட்டூர் அணை வந்த பிறகு வண்டல் வரத்து குறைந்த டெல்டாவுக்கு மண் ஏறுவதில்லை. இதற்கு நடுவில், கட்டணமும் இல்லாமல் நேரக் கட்டுப்பாடும் இல்லாமல், வெயில் அடிக்கும்போதெல்லாம் ஓடும் பம்பைக் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும்? புகையில்லாத பம்ப் உப்பைக் கொண்டுவந்தால் அதைச் சுத்தமான எரிசக்தி என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. ஒருமுறை உப்பு ஏறிய கிணறு ஒரு தலைமுறைக்குத் திரும்பாது.

இலவச மின்சாரத்தை எடுத்துவிட்டு மீட்டர் வைத்தால் எல்லாம் சரியாகும் என்று பொருளாதாரம் படித்தவர்கள் எழுதுகிறார்கள். 1970-களில் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோவைப் பக்கம் நடந்த விவசாயிகள் போராட்டம் துப்பாக்கிச் சூடு வரை போன மாநிலம் இது. 1990 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். எந்தக் கட்சியும் அதைத் தொடாது, தொட வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. குஜராத்தில் கேடா மாவட்டத்துத் துண்டி கிராமத்தில் வேறொரு வழியைப் பார்த்தார்கள். ஆறு விவசாயிகள் சேர்ந்து 2016 வாக்கில் சோலார் பம்ப் கூட்டுறவு ஒன்றை ஆரம்பித்தார்கள். பம்பை மின்கம்பியோடு இணைத்து, இறைக்காத நேரத்து மின்சாரத்தை மின்நிறுவனத்துக்கு விற்கலாம் என்று ஏற்பாடு. தண்ணீர் இறைக்காமல் இருந்தால் காசு. ஆட்டோ சுவிட்ச் தானாகக் கழன்றுவிடும் இல்லையா?

டெல்டாவுக்கு இது இன்னும் பொருந்தும் என்பதற்குக் காரணம் இங்கே சம்பா ஆற்றுத் தண்ணீரிலும் மழையிலும் விளைகிறது. ஆவணியிலிருந்து தை வரை பல இடங்களில் மோட்டாருக்கு வேலை கம்மி. தனி சோலார் பம்ப் அந்த மாதங்களில் சும்மா வெயில் காய்கிறது. கம்பியோடு இணைந்திருந்தால் ஐப்பசி கார்த்திகை மேகம் போக மிச்ச நாளெல்லாம் விற்கலாம். அல்லது வயலுக்கு வயல் தகடு வைக்காமல், விவசாய மின்பாதையைத் தனியாகப் பிரித்து, துணைமின் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் தகடு வைத்து, அந்தப் பாதைக்குப் பகலில் மட்டும் கரண்ட் கொடுக்கலாம். மகாராஷ்டிரா 2017 முதல் இந்த வழியில் போகிறது. எனக்கு இதுதான் டெல்டாவுக்கு ஏற்றது என்று படுகிறது. யாருக்கு எத்தனை மணி நேரம் என்ற கட்டுப்பாடும் கையில் இருக்கும், கடலோரப் பாதைகளில் அதைக் குறைத்தும் வைக்கலாம்.

எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த தகராறு. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும், எங்கள் கணக்கில் பதினைந்து மா. ராமநாதபுரம் கமுதியில் வறண்ட நிலத்தில் 2,500 ஏக்கரில் விரித்ததுபோல இங்கே முப்போக மண்ணில் விரிக்க முடியாது, விரிக்கவும் கூடாது. கால்வாய்க்கு மேலே தகடு போடலாம் என்பார்கள், குஜராத்தில் நர்மதைக் கால்வாயில் செய்த மாதிரி. எங்கள் புது ஆற்றுக்கு, அதாவது கல்லணைக் கால்வாய்க்கு மேல் போட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சித்திரையில் தூர்வாரப் பொக்லைனை எப்படி இறக்குவது என்று யாராவது சொன்னால் நானும் ஆதரிப்பேன். அரிசி ஆலைக் கூரைகள், கிட்டங்கிகள், கொள்முதல் நிலையக் கொட்டகைகள், பள்ளிக்கூட மொட்டை மாடிகள் இவையெல்லாம் சும்மா கிடக்கின்றன. மழையில் நெல் நனைகிறது என்று கொள்முதல் நிலையத்துக்குக் கூரை கேட்டு எத்தனை வருடமாக மறியல் நடக்கிறது. கூரையையும் தகட்டையும் ஒன்றாகப் போட்டால் என்ன?

புயலை மறந்துவிட்டு இங்கே எதையும் நடக்கூடாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்களைச் சாய்த்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைகள் போனது போனதுதான். எங்கள் ஊரில் கரண்ட் வர இருபத்திரண்டு நாள் ஆனது. குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்ப வாடகை ஜெனரேட்டர் ஒன்று ஊர் ஊராகச் சுற்றி வந்தது, அதற்கு வரிசை வைத்து டீசல் ஊற்றினோம். அன்றைக்குப் பஞ்சாயத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன சோலார் பம்ப் இருந்திருந்தால் என்று எல்லோரும் பேசினோம், அப்புறம் மறந்துபோனோம்.

போன மாசியில் பெரியப்பா சோலார் பம்ப் மானியத்துக்கு விண்ணப்பம் கொடுக்கப் போனார், நான்தான் பைக்கில் கூட்டிப்போனேன். ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ எல்லாம் சரியாக இருந்தது. சிட்டா கேட்டார்கள். அவர் உழுகிற ஆறு மாவும் கோயில் நிலம், தாத்தா காலத்திலிருந்து குத்தகை. குத்தகை ரசீதைக் காட்டினார். நிலத்துக்காரர் பெயரில்தான் தர முடியும் என்றார்கள். "நிலத்துக்காரர் சாமி சார்" என்றார் பெரியப்பா. உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார், இவரும் சிரித்தார். கோயில் நிர்வாகத்திடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். டெல்டாவில் கோயில், மடத்து நிலத்தை உழுகிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினேன்.

அந்த விண்ணப்பம் இப்போது மோட்டார் கொட்டகையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே, நாலாக மடித்துச் செருகியபடி இருக்கிறது. ஆட்டோவில் பச்சை விளக்கு எரிகிறது.